கொழுந்து வாட்டிய மாடி

"ஆத்தாடி! நம்ம லயத்தையே தூக்கியாந்து இதுக்குள்ள படுக்கப் போட்டுறலாம் போல இருக்கே!"

ராசம்மா மரப்படியின் உச்சியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் ஏறி வந்த மரிய கொறற்றிக்கு முன்னே போக வழியில்லை.

"நகருடி. மூச்சு வாங்குது எனக்கு."

"நகர்ந்து எங்கக்கா போறது? அந்தக் கோடி தெரியுதா ஒனக்கு?"

கொறற்றி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கோடி தெரியவில்லை. இரும்புத் தூண்கள் இரண்டு வரிசையாக இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. இரு பக்கமும் ஜன்னல்கள். எல்லாவற்றிலும் தகரம் அடித்திருந்தது. தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் நூல் நூலாக உள்ளே இறங்கி, பலகைத் தரையில் புள்ளி வைத்திருந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தபோது முக்காடு கழன்று விழுந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இத்தன வருசமா கொழுந்து எடுத்துக் குடுத்தோமே, அது இங்கதான் வந்துச்சா?"

"இங்கதான் பரப்பி வாட்டுவாங்களாம்."

"பாத்தியாக்கா? எடுத்த நமக்கு ஒழுகுற கூர. எல கெடந்தது மாளிகையில!"

எல்கடுவைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். மெஷின் ஓடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. போன நவம்பர் மழையில் மலை சரிந்து, வரிசை வீடுகளான லயத்தின் ஒரு பாதியை அள்ளிக்கொண்டு போனபோது, மிஞ்சிய குடும்பங்களை ஸ்டோரின் கீழ்த்தளத்தில் கொண்டுவந்து விட்டார்கள். பாயும் சட்டியுமாக அங்கேயே மாதங்கள் ஓடின. பிறகு ஓர் உதவி அமைப்பு கம்பனியிடம் பேசி மேல்மாடியை வாங்கி, அதை வீடுகளாக்கித் தருவதாகச் சொன்னது. கொழுந்து வாட்டிய மாடியில் மனிதர் குடியிருப்பதா என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்குத்தான் ஏறிப் பார்க்க விட்டிருந்தார்கள்.

"பயப்படாம வாங்கக்கா, பலக நல்லாத்தான் இருக்கு," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. மாத்தளை டவுனிலிருந்து வந்திருந்த நஸ்மியா. வீட்டுப் படம் வரைகிறவள்; இந்த வேலை முழுவதும் அவள் பொறுப்பில். "ரெண்டு எடத்துலதான் மாத்த வேண்டி வந்துச்சு. மத்ததெல்லாம் இரும்பு மாதிரி."

"பயமில்ல மிஸ். செருப்பக் கழட்டுறதா வேணாமான்னு யோசிக்கிறோம்," என்றாள் கொறற்றி.

நஸ்மியா சிரித்தாள். ஆனால் கொறற்றி உண்மையாகவே செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

*

கொறற்றியின் புருஷன் ரபாயேல் ஏறி வரவில்லை. கொழுந்து லொறி நிற்கிற கொட்டகையில் அவர் இருந்தார். மண் சரிந்த நாள் முதல் அங்கேதான் படுக்கை, சாப்பாடு எல்லாம். அந்தக் கொட்டகைக்குக் கூரை இருந்தது, சுவர் இல்லை. சுவருள்ள எந்த இடத்துக்குள்ளும் அவர் போவதில்லை. கோயிலுக்குப் போனாலும் வாசலுக்கு வெளியே முழங்கால் போடுவார்.

"பாத்துட்டு வந்தியா?"

"பாத்தேங்க."

"எப்புடி?"

கொறற்றி தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோயில் மாதிரி இருக்கு."

"கோயிலும் சுவர் வச்சதுதானே."

"ஆபீஸ்காரங்க வந்து மண்ணத் தோண்டிப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க. இந்த எடம் நல்ல எடமாம். பாறைக்கு மேல நிக்குதாம்."

"லயத்தக் கட்டுனவனும் அப்புடித்தான் சொல்லிருப்பான்."

அவர் கோப்பையை ஊதி ஊதிக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி போன் போட்டான். வில்கமுவையில எடம் இருக்காம். எந்தப் பக்கம் திரும்புனாலும் வயலாம். சமதரையாம்."

"அங்க போயி நான் என்னா செய்றது? நெல்லுல கொழுந்து கிள்ளுறதா?"

"நீ வரணும்னு நான் சொல்லலியே."

கொறற்றி அவர் முகத்தைப் பார்த்தாள். சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப நீங்க மட்டும் போறீங்களா?"

"ஈஸ்டர் பெருநாள் முடிய போறேன். இந்தக் கொட்டகையிலயே எத்தன நாளைக்குப் படுக்குறது? நீ மேல இருந்துக்க. ஒனக்கு தோட்டத்துப் புத்தகத்துல பேர் இருக்கு, வேல இருக்கு."

பைப்படியில் வாளியை வைத்துவிட்டு ராசம்மா கத்தினாள்: "அண்ணே, வில்கமுவையில மல வராது, யான வரும்! பாத்துக்கங்க!"

"வரட்டும். யான வந்தா கண்ணுக்குத் தெரியும்," என்றார் ரபாயேல். "கண்ணுக்குத் தெரியுறத்துக்கு எனக்குப் பயம் கெடையாது."

ராசம்மா வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த இரவு அவளுக்கும் தெரியும். லயத்து அறையான காம்பராவுக்குள் சத்தம் கேட்டு எழுந்த ரபாயேல் சுவரில் கையை வைத்துப் பார்த்திருக்கிறார். சுவர் நடுங்கியது. இடி என்று நினைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார். கதவைத் திறந்தபோது, அடுத்த காம்பராவில் இருந்த பழனிமுத்து குடும்பமும் இல்லை, காம்பராவும் இல்லை. "நான் சுவரப் பாத்துக்கிட்டு நின்னேன் புள்ள," என்று ஒரே ஒரு முறை கொறற்றியிடம் சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

*

அடுத்த கிழமை நஸ்மியா எல்லோரையும் மேலே கூப்பிட்டு ஆளுக்கொரு சோக்குக் கட்டி கொடுத்தாள்.

"ஒவ்வொரு குடும்பமும் ஒங்க வீடு எப்புடி வேணும்னு தரையில கீறிக் காட்டுங்க. எங்க சமையல், எங்க படுக்க, எல்லாம். ஒங்க இஷ்டம். நான் அதப் பாத்துத்தான் படம் போடுவேன்."

"நாங்களா கீறுறது?"

"பின்ன? இருக்கப் போறது நீங்கதானே?"

கூச்சமும் சிரிப்புமாகக் குனிந்தார்கள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கொறற்றியும் குனிந்தாள். நாலு கோடு. ஒரு கதவு. பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். முன்னுக்கு ஓர் ஒடுங்கிய ஸ்தோப்புத் திண்ணை. அவள் நிமிர்ந்தபோது பக்கத்தில் ராசம்மாவும் நிமிர்ந்தாள்.

நஸ்மியா டேப்பை இழுத்து அளந்தாள். பத்துக்குப் பன்னிரண்டு. அடுத்ததை அளந்தாள். அதுவும் பத்துக்குப் பன்னிரண்டு. அதற்கு அடுத்ததும். ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டியபடி, வரிசையாக, மாடியின் ஒரு கோடியில் எல்லாம் நெருக்கிக்கொண்டு கிடந்தன. மிச்சத் தரை முழுவதும் ஒரு கோடுகூட இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது.

"நீங்க யாரும் அளக்கலியே. எப்புடி எல்லாம் ஒரே அளவா வந்துச்சு?"

"காம்பரா கீறுறத்துக்கு என்னாத்துக்கு மிஸ் அளவு?" என்றாள் ராசம்மா. "கண்ண மூடிக்கிட்டு நடந்தாலும் காலு தானா நின்னுரும்."

நஸ்மியா டேப்பைச் சுருட்டவும் மறந்து நின்றாள். பிறகு கையை நீட்டி அந்த வெறுந்தரையைக் காட்டினாள்.

"சரிக்கா, இவ்ளோ எடம் கெடக்கே. இது என்னாத்துக்கு?"

எல்லோரும் அந்த வெறுந்தரையைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கொறற்றிதான் சொன்னாள்: "அது கம்பனி எடம் இல்லையா மிஸ்?"

"கம்பனி எடமா?"

"நமக்கு இந்த மூல. மிச்சம் தொரமாருக்கு."

"யா அல்லாஹ்," என்றாள் நஸ்மியா மெதுவாக. கொறற்றியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "இங்க வாங்க. இந்தத் தூண் இருக்கு பாருங்க. இதுலருந்து அந்தத் தூண் வரைக்கும். இந்தப் பக்கத்து ஜன்னல்லருந்து அந்தப் பக்கத்து ஜன்னல் வரைக்கும். மேல முகடு வரைக்கும். இதெல்லாம் சேந்தது ஒங்க வீடு. ஒங்க ஒரு வீடு."

கொறற்றி தூணைப் பார்த்தாள். எதிர்த் தூணைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்தாள்.

"முகடு வரைக்குமா? அந்த ஒசரத்துல இருக்கிற காத்துமா?"

"காத்தும் ஒங்களதுதான்."

"நாங்க காத்த வச்சு என்னா மிஸ் செய்றது?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கொறற்றி சிரிக்கவில்லை. தூணுக்குத் தூண் நடந்து பார்த்தாள். பாதி வழியில் அவள் கால் தானாக நின்றது. ஒரு நொடி தயங்கி, இன்னும் நடந்தாள். மலைச்சரிவில் கூடையோடு எத்தனையோ மைல் நடந்தவளுக்கு அந்த நாலைந்து எட்டு என்னவோ ஆற்றைக் கடக்கிற மாதிரி இருந்தது.

"ஒசரத்த வீணாக்கப் போறதில்ல," என்றாள் நஸ்மியா, படத்தை விரித்துக்கொண்டு. "கீழ சமையல், இருக்குற எடம். மேல பாதி ஒசரத்துல ஒரு தட்டு போடுவோம். ஏணி வச்சு ஏறி அந்தத் தட்டுல படுத்துக்கலாம்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நஸ்மியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவரோரம் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த ரவூப் பாஸ், அவளுடைய தலைமைத் தச்சர், தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"தட்டுலயா?" என்றாள் ராசம்மா. "மிஸ், இந்த மாடியில தட்டு எதுக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு? கொழுந்த வாட்டுறத்துக்கு. எங்களயும் தட்டுல பரப்பி, கீழ விசிறியப் போட்டு வாட்டப் போறீங்களா?"

"விடிய எழும்பும்போது நல்லாச் சுருண்டிருப்பீங்க," என்றார் ரவூப் பாஸ். "அப்புடியே அள்ளி மெஷின்ல போட்டுரலாம்."

"பாஸ், மொதல்ல ஒங்களப் போடணும். ஒங்கள்ல சாயம் கூட வராது, வெறும் தும்புதான்!"

தகரம் அதிரும்படி சிரித்தார்கள். நஸ்மியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தில் "தட்டு" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு "படுக்கை மாடி" என்று எழுதினாள். ஆனால் அன்றிலிருந்து அதை யாரும் தட்டு என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

*

கொறற்றி ரவூப் பாஸைத் தனியாகப் பிடித்தாள்.

"பாஸ், ஒரு உதவி. எங்க வீட்டுக்காரர ஏதாவது சொல்லி ஒரு தடவ மேல ஏத்திவிடுங்க."

"ஏதாவது சொல்லின்னா? பொய்யா? நோன்போடயா?"

"எனக்கும் தபசு காலந்தான் பாஸ். நானும் பொய் சொல்ல ஏலாது. அதான் ஒங்ககிட்ட வந்தேன்."

பாஸ் தாடியைத் தடவினார். "நாளைக்கு ஜன்னல் தகரம் கழட்டுறோம். மலப்பக்கத்துத் தகரம் பெருசு. காத்து அடிச்சா பசங்களோட சேத்து அள்ளிட்டுப் போயிரும். ஒசரமான ஆள் ஒண்ணு தேவதான். அது உண்ம. அந்த உண்மையச் சொல்றேன்."

மறுநாள் பின்னேரம் ரபாயேல் படியேறி வந்தார். கடைசிப் படியில் நின்றார். ஒரு கை கைப்பிடியில் இருந்தது. முகம் வியர்த்திருந்தது. கொறற்றி தூரத்தில் நின்றுகொண்டாள். கிட்டப் போனால் திரும்பிவிடுவார் என்று அவளுக்குப் பட்டது.

"இங்கருந்தே புடிக்கவா பாஸ்?"

"அங்கருந்து புடிக்க ஒங்க கை என்ன ரயில் ரோடா, அண்ணே? வாங்க. கதவு தொறந்துதான் கெடக்கு. படியும் எங்கயும் போகாது."

ரபாயேல் தூணுக்குத் தூண் கை மாற்றி மாற்றி வந்தார். சோக்குக் கோடுகளைப் பார்த்ததும் நின்றார். அது காம்பரா என்று அவருக்கும் உடனே தெரிந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

"ஆ, இந்தக் கரையப் புடிங்க. விட்டுராதீங்க. இழுக்கிறேன்!"

ஆணிகள் கீச்சிட்டுக் கழன்றன. தகரம் ஒரு பக்கம் விலகியது. காற்று உள்ளே புகுந்தது. தூசி சுருண்டு எழுந்தது. அதன் பின்னாலேயே வெளிச்சம். நூலாக அல்ல, அணை திறந்த மாதிரி. தரை, தூண், கூரை, கோடி எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தன. பெண்கள் கண்ணுக்கு நேரே கையை வைத்துக்கொண்டார்கள். "மாதாவே," என்றது ஒரு குரல்.

தகரத்தைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு ரபாயேல் நிமிர்ந்தார்.

எதிரே மலை நின்றது. உச்சிப் பாறையிலிருந்து அடியில் ஓடுகிற ஆறு வரைக்கும், ஒரு மறைப்பும் இல்லாமல். தேயிலை மலைகள், சவுக்கு மரங்கள், முருங்கைக்காய்ப் பிஞ்சு போல வளைந்து போகிற ரோடு. நடுவில் சரிவு விழுந்த இடம், தோலை உரித்த மாதிரிச் சிவப்பாக. அதன் ஓரத்தில் மிச்சமிருந்த லயம் தீப்பெட்டி அளவில் இருந்தது.

ரவூப் பாஸ் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இவ்ளோ பெருசா?" என்றார் ரபாயேல்.

கொறற்றி இப்போதுதான் கிட்ட வந்தாள். "என்னாங்க?"

"மல. பொறந்ததுலருந்து அது மேலதான் நடந்தேன். தண்ணி ஓடக் கான் வெட்டுனேன், மருந்தடிச்சேன். முழுசா ஒரு நாளும் பாத்ததில்ல புள்ள." ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அங்க பாரு. அந்தச் சரிவு எங்க தொடங்கியிருக்கு தெரியுதா? நம்ம தலைக்கு மேல இல்ல. எங்கயோ மேல, அந்தப் பாறை ஓரத்துல. நான் சுவரப் பாக்காம கதவத் தொறந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. வெளிய ஓடியிருந்தாலும் பழனிமுத்து குடும்பத்தக் காப்பாத்தியிருக்க ஏலாது."

அவர் கணக்குப் பார்க்கிறவர் போல விரலால் சரிவின் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். இடையில் ஒரு பாறை முதுகு குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டிச் சரிவு ஸ்டோர் இருக்கிற பக்கம் திரும்பவில்லை.

அப்போது மலை உச்சி மறைந்தது. ராசம்மாதான் முதலில் பார்த்தாள். "மழ," என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மழை என்றால் ரபாயேல் எங்கே இருந்தாலும் வெட்டவெளிக்கு ஓடிவிடுவார் என்பது கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் தெரியும். நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றவரைப் பல முறை இழுத்து வந்திருக்கிறார்கள். இப்போது அவர் கால் திரும்பியது. படிப் பக்கம் ஓர் எட்டு வைத்தார். கொறற்றி வழியை மறிக்கவில்லை, விலகி நின்றாள். நெஞ்சுக்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மழை தகரக் கூரையில் விழுந்தது. காதுக்கு வேறொன்றும் கேட்கவில்லை. ரபாயேல் தலையை மட்டும் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். மழை மலைமேல் வெள்ளைத் துணி விரித்த மாதிரி நடந்து வருவது தெரிந்தது. எங்கே இருக்கிறது, எங்கே வருகிறது, எல்லாம் தெரிந்தது. அவர் ஜன்னலுக்கே திரும்பினார்.

"வருது," என்றார் உரக்க. "மேல்மலையில எறங்கிருச்சு. பெரிய கான்ல விழுது. விழுது... தண்ணி செவப்பா இல்ல. தெளிவாத்தான் போகுது. ஆத்துல சேந்திருச்சு."

சாரல் அவர் முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை. எல்லோரும் அவருக்குப் பின்னால் வந்து நின்று, அவர் சொல்லச் சொல்லத் தண்ணீர் மலையிலிருந்து இறங்குவதைப் பார்த்தார்கள். எத்தனையோ மழை பார்த்தவர்கள். ஒரு மழை முழுவதும் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

மழை தணிந்து கூரையில் சொட்டுச் சத்தம் மட்டும் மிஞ்சியபோது ரபாயேல் கேட்டார்: "மிஸ், அந்தத் தட்டுன்னு சொன்னீங்களாமே. அதுல படுத்தா இந்த ஜன்னல் தெரியுமா?"

"தல எந்தப் பக்கம் வைக்கிறீங்கன்னு இருக்கு அண்ணே."

ரவூப் பாஸ் தன் வேலை மேசைகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, மேலே ஒரு பலகையைப் போட்டார். ரபாயேல் ஏறிப் படுத்தார். புரண்டு பார்த்தார். எழுந்து தலைமாட்டை மாற்றிப் படுத்தார். கையைத் தலைக்குக் கொடுத்தார்.

"தெரியுது. அந்தப் பக்கத்து ஜன்னலும் தெரியணும். ராசம்மா வீட்டுக்கும் நமக்கும் நடுவுல வர்ற சுவர முகடு வரைக்கும் ஏத்தாதீங்க மிஸ். மேல தொறந்து விட்டுருங்க."

கொறற்றி நஸ்மியாவைப் பார்த்தாள். நமக்கும் என்றாரா?

ராசம்மா இடுப்பில் கையை வைத்தாள். "நல்லாருக்கே கத! அப்ப ராத்திரியில அண்ணன் விடுற கொறட்ட பூரா எங்க வீட்டுக்குத்தானே வரும்?"

"வரட்டும்," என்றார் ரபாயேல், மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கேட்டுச்சுன்னா, நான் தூங்குறேன்னு நெனச்சுக்க."